மீண்டும் மீண்டும் எழுதப்பட்ட ஒரே கசிவு

2005 டிசம்பர் 19 பிற்பகல். மயாமித் துறைமுகக் கால்வாயிலிருந்து பிமினித் தீவுக்குக் கிளம்பிய கிரம்மன் மல்லார்ட் நீர்விமானம் மேலெழும்பிய சிறிது நேரத்திலேயே அதன் வலது இறக்கை உடலிலிருந்து பிய்ந்து விழுந்தது. வானிலையில் குறை இல்லை, பறந்த விதத்திலும் தவறு இல்லை. மூன்று கைக்குழந்தைகள் உட்பட 18 பயணிகளும் இரண்டு விமானிகளும் இறந்தார்கள். பயணிகளில் பலர் கிறிஸ்துமஸுக்குச் சாமான் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிய பிமினிக்காரர்கள். சின்னஞ்சிறு தீவு அது. அன்று துக்கம் நுழையாத வீடு அங்கே அதிகம் இருந்திருக்காது.

விமானத்தை இயக்கியது சாக்ஸ் ஓஷன் ஏர்வேஸ். 1917 முதல் தன் வயதைக் கணக்கிட்டு வந்த நிறுவனம். அத்தனை ஆண்டுகளில் விபத்தில் ஒரு பயணியைக்கூட இழந்ததில்லை என்பது அதுவரை அதன் பெருமையாக இருந்தது. ஆனால் 1994-ல் கீ வெஸ்டில் இதே நிறுவனத்தின் வேறொரு மல்லார்ட் விழுந்து இரண்டு விமானிகள் இறந்திருக்கிறார்கள். உடலின் அடிப்பகுதியில் தேங்கிய தண்ணீரை இறைக்காமல் கிளம்பியது அந்த விமானம். உள்ளே பயணிகள் இல்லாததால் அந்த இரண்டு உயிர்களும் பெருமைக் கணக்கில் சேரவில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய விமானங்களை வைத்திருக்கும் ஒரு நிறுவனத்துக்கு விபத்துப் பட்டியல் காலியாக இருப்பது எதற்கும் சான்றல்ல என்பது என் உறுதியான கருத்து. உண்மையான சான்று அதன் லாக் புக்கில் இருக்கிறது.

இந்த விமானத்தின் லாக் புக் என்ன சொன்னது? வலது இறக்கையின் வேர்ப்பகுதியில் எரிபொருள் கசிவு. சரிசெய்யப்பட்டது. மறுபடியும் கசிவு. மறுபடியும் சரிசெய்யப்பட்டது. ஹேங்கரில் நாம் 'ரிப்பீட் ஸ்நாக்' என்று சொல்வோமே, அதுதான். மல்லார்டின் இறக்கைக்குள் எரிபொருளுக்குத் தனித் தொட்டி இல்லை. இறக்கையின் கட்டமைப்பே தொட்டி. தகடும் அதன் உட்புறம் ஓடும் ஸ்ட்ரிங்கரும் சுமையைத் தாங்கிக்கொண்டே எரிபொருளையும் அடைத்து வைத்திருக்கின்றன. அப்படிப்பட்ட இறக்கை கசிந்தால் அதைக் குழாய்க் கசிவு போலப் பார்க்க முடியாது. சுமை தாங்கும் உலோகம் எங்கோ திறந்துகொண்டிருக்கலாம் என்பதுதான் அந்த ஈரத்தின் பொருள். சீலண்ட் பூசினால் ஈரம் நிற்கும், சுமை நிற்காது. பூசிய இடத்துக்கு அடியில் உள்ள விரிசல் அடுத்த முறை பார்ப்பவரின் கண்ணுக்கும் படாது. வெளித்தகட்டின் விரிசலுக்கு டப்ளர் என்னும் ஒட்டுத்தகடு வைத்தார்கள்; உள்ளே ஸ்ட்ரிங்கர் விரிந்தபடியே இருந்தது. அது விட்டுக்கொடுத்த சுமை தகட்டுக்குப் போக, தகடும் சோர்ந்து விரிந்தது. 1947-ல் கட்டிய விமானம். 31,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தது. ஏறத்தாழ 40,000 முறை ஏறி இறங்கியது, அதிலும் உப்புத் தண்ணீரில்.

பராமரிப்பு சரியில்லை என்பது விமானிகளுக்குத் தெரியாமல் இல்லை. அதைப் பற்றிப் பலர் கவலை தெரிவித்திருந்தார்கள், சிலர் வேலையை விட்டே போனார்கள். விபத்துக்குப் பிறகுதான் அந்தக் குரல்களுக்கு மதிப்பு வந்தது. ஒரு சிறு நிறுவனத்தில் அனுபவமுள்ள கேப்டன் விலகினால் அவர் ஏன் போகிறார் என்று கேட்டு எழுதி வைப்பதற்குச் செலவே கிடையாது. கண்காணிப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது அந்தக் காகிதத்தைத்தான்.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2007-ல் காரணத்தை இரண்டு பங்காகப் பிரித்தது: விரிசலைக் கண்டு முறையாகச் சரிசெய்யாத நிறுவனத்தின் பராமரிப்புத் திட்டம் ஒன்று, அந்தத் திட்டத்தின் குறைகளைக் கண்டு திருத்தாத கூட்டாட்சி விமான நிர்வாகம் மற்றொன்று. வயதான விமானங்களுக்கென்று அந்த நாட்டில் கூடுதல் கட்டமைப்புச் சோதனை விதிகள் இருந்தன. 1958-க்கு முன் வகைச்சான்று பெற்றவற்றுக்கு அதிலிருந்து விலக்கு. எதற்கு அந்தச் சோதனை மிகவும் தேவையோ அதுவே விலக்குக்குள் போய்விட்டது. இன்று எந்த நாட்டு விதியில் இப்படியொரு விலக்கைப் பார்த்தாலும் நம் துறையினர் எழுத்தில் எதிர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கையெழுத்திடும் பொறியாளர்களிடம் ஒன்றே ஒன்று. ஒரே இடம், ஒரே கசிவு மூன்றாம் முறை எழுதப்பட்டிருந்தால், சீலண்டை எடுக்கும் முன் பழைய சீலண்டைச் சுரண்டி உலோகத்தைப் பாருங்கள். விமானம் அன்று கிளம்பாது, முதலாளி கோபிப்பார். ஓரிரு விமானங்களை வைத்துப் பிழைக்கும் நிறுவனத்தில் ஒரு நாள் நிறுத்தம் என்றால் எவ்வளவு இழப்பு என்பது எனக்குத் தெரியும், தெரிந்துதான் சொல்கிறேன்.

விபத்துக்குப் பின் அந்த நிறுவனத்தின் மற்ற மல்லார்ட்களைப் பிரித்துப் பார்த்தபோது அவற்றின் கட்டமைப்பிலும் சேதம் இருந்தது. அவையும் அதுவரை பயணிகளை ஏற்றிக்கொண்டு பறந்துகொண்டுதான் இருந்தன.