மதியம் ஒரு மணிக்குப் பிறகு

மதிப்பிற்குரிய தமிழ்நாடு சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை அமைச்சர் அவர்களுக்கு,



சென்னை, கோவை, திருப்பூர், ஓசூர் என்று எந்த ஊரின் புறநகருக்குப் போனாலும் இப்படி ஒரு வீடு கண்ணில் படும். சுற்றுச்சுவரில் யானையும் வானவில்லும் வரைந்திருக்கும். வாசலில் ‘ப்ளே ஸ்கூல், டே கேர்’ என்று பலகை தொங்கும். காலை ஒன்பதரைக்கு அது பள்ளிக்கூடம். பாட்டு, வண்ணம், களிமண் என்று கலகலக்கும். பன்னிரண்டரைக்கு வேன் வந்து பாதிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். ஒரு மணிக்கு டீச்சரும் கிளம்பிவிடுவார். மிச்சக் குழந்தைகள் அதே அறையில், சாப்பிட்டு முடித்த இடத்திலேயே விரித்த பாயில், மாலை ஆறரை வரைக்கும் ஓர் ஆயாவின் பொறுப்பில் இருப்பார்கள்.

அந்த ஒரு மணிக்குப் பிறகு அந்த வீடு அரசின் கணக்கில் என்ன? பள்ளியா, காப்பகமா, வெறும் வீடா? இந்த மடல் கேட்க வந்தது இதைத்தான்.

சட்டங்களுக்குக் குறைவில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், முப்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்கு உட்பட்ட அவர்களுடைய பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன்கள் சட்டம், ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனங்களுக்கு அந்தக் கடமையை வைத்தது. தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்றும் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்த ஐம்பது தொடர்கிறது. மழலையர் விளையாட்டுப் பள்ளிகளுக்கென்று தமிழ்நாடு அரசு 2015இல் தனி விதித்தொகுப்பு கொண்டுவந்தது. அதைப் பார்த்துக்கொள்வது பள்ளிக் கல்வித் துறை. பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளையும் இல்லங்களையும் பதிவுக்குள் கொண்டுவர 2014இல் ஒரு சட்டம் வந்தது. தங்கள் துறையின் கீழ் 54,000க்கு மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன.

இவற்றில் எதுவும் பக்கத்துத் தெருவின் டே கேரை மனத்தில் வைத்து எழுதப்பட்டதல்ல. ஆலைக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று, விடுதிக்கு ஒன்று என்று பிரித்துப் போட்ட வேலியில் வாடகை வீட்டின் கூடம் இடைவெளியில் நின்றுவிட்டது. தேசிய குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் தனியார் விளையாட்டுப் பள்ளிகளுக்கு வகுத்த நெறிமுறையும் மூன்று வயது நிறைந்த பிள்ளைகளைப் பற்றியது. நாளுக்கு மூன்று, நான்கு மணி நேரம் நடக்கும் பள்ளியைப் பற்றியது. டே கேருக்கு வரும் குழந்தைக்கோ பல நேரம் ஏழாவது மாதம்தான். மகப்பேறு விடுப்பு 26 வாரம். 27ஆவது வாரத்துத் திங்கட்கிழமை காலையில், இன்னும் தவழத் தொடங்காத ஓர் உயிர் அந்தப் பலகைக்குக் கீழே கைமாறுகிறது. அது அங்கே இருக்கப்போவது ஒன்பது, பத்து மணி நேரம்.

வேலைக்குப் போகும் பெண்களின் கணக்கைச் சொல்லித் தமிழ்நாடு பெருமைப்படுகிறது. இந்தியாவின் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் இங்கேதான். அந்தப் பெருமைக்கு அடியில் பாயை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் அந்த ஆயாதான்.

இந்த மாநிலத்துக்குக் கும்பகோணத்தை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. 2004 ஜூலை 16 அன்று சமையல் தீ கூரைக்குத் தாவியதில் 94 பிள்ளைகள் போனார்கள். ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகள், மேல்தளத்துக்கு ஓலைக் கூரை, இறங்கக் குறுகலான படி. நீதிபதி சம்பத் ஆணையம் விசாரித்தது. பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் மாநிலம் முழுக்கக் கழற்றப்பட்டன. உச்ச நீதிமன்றம் 2009 ஏப்ரலில் அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில், கல்வி உரிமை என்றால் பாதுகாப்பான பள்ளிக்கும் உரிமை என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு எழுந்த விதிகளுக்கெல்லாம் ‘பள்ளி’ என்ற சொல்தான் நுழைவாயில். அந்தச் சொல்லுக்கு வெளியே நிற்கும் கட்டடத்துக்குள் அவை எட்டிப் பார்ப்பதில்லை.

கூரை போனது, குழி இருக்கிறது. 2025 ஜனவரி 3ஆம் தேதி விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியின் கழிவுநீர்த் தொட்டியில் விழுந்து எல்கேஜி சிறுமி இறந்தாள். அதே ஆண்டு ஏப்ரல் 29 அன்று மதுரை கே.கே. நகரில் ஒரு மழலையர் பள்ளியில் நான்கு வயதுச் சிறுமி தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்தாள். இரண்டு இடத்திலும் ‘பள்ளி’ என்ற பலகை இருந்தது, கேட்பதற்கு ஒரு துறையும் இருந்தது. அப்படியிருந்தும் இது நடந்தது. பலகையும் துறையும் தெளிவாக இல்லாத இடத்தின் சம்ப்பு மூடியை யார் போய்த் தூக்கிப் பார்ப்பது?

உரிமம் என்ற காகிதம் மட்டும் போதாது என்பதற்கு மெக்சிகோவில் ஒரு பாடம் இருக்கிறது. எர்மோசியோ நகரில் ‘ஏபிசி’ என்ற குழந்தைகள் காப்பகம் இருந்தது. அரசின் சமூகக் காப்பீட்டு நிறுவனம் தனியாரிடம் ஒப்பந்தம் விட்டு நடத்தியது. கட்டடம் ஒரு பழைய கிடங்கு. சுவருக்கு அந்தப் பக்கம் மாநில நிதித் துறை காகிதம் அடுக்கி வைத்திருந்தது. 2009 ஜூன் 5 பிற்பகல் அந்தப் பக்கம் பிடித்த தீ, கூரைக்கு அடியில் பரவி, பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்த பக்கத்துக்கு வந்தது. வெளியேற வழி போதவில்லை. ஒருவர் தன் வண்டியாலேயே சுவரை மோதி உடைத்தார். 49 குழந்தைகள் இறந்தார்கள். விபத்துக்கு இரண்டு வாரம் முன்புகூட அந்தக் காப்பகம் பாதுகாப்புச் சோதனையில் தேறியிருந்தது. பெற்றோர் இரண்டு ஆண்டுக்கு மேல் தெருவில் நின்றார்கள். 2011 அக்டோபரில் நாடு முழுமைக்கும் காப்பகங்களுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. ஜூன் 5 சட்டம் என்றுதான் மக்கள் அதைச் சொல்கிறார்கள்.

அங்கேயும் அது பிற்பகல், தூங்கும் நேரம்.

அமைச்சர் அவர்களே, குழந்தைகள் காப்பகத்தின் பாதுகாப்பை அளக்க ஓர் எளிய கணக்கு உண்டு: தீப்பிடித்தால் யார் யாரைத் தூக்குவது? நடக்கத் தெரியாத குழந்தைகளை ஒருவர் எத்தனை பேரைச் சுமக்க முடியும்? இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று. பழகியவர் என்றால் மூன்றாவதைக் கையில் பிடித்து இழுக்கலாம். இங்கிலாந்தில் இரண்டு வயதுக்கு உட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒருவர் என்று விதி இருப்பதன் நியாயம் இந்த இடுப்பிலும் தோளிலும் இருக்கிறது. சிங்கப்பூரில் ஒன்றரை வயது வரையிலான ஐந்து குழந்தைகளுக்கு ஒருவர். இந்தியாவில் மத்திய அரசு 2018இல் அலுவலகக் காப்பகங்களுக்கு வெளியிட்ட குறைந்தபட்ச நெறிமுறை, மூன்று வயதுக்கு உட்பட்ட பத்துப் பேருக்கு ஒருவர் என்கிறது. பத்துக் கைக்குழந்தைகளோடு ஒருவர் மட்டும் முதல் மாடியில் இருந்தால், புகை வரும்போது அவர் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அந்த நிலைக்கு எந்த ஆயாவையும் தள்ளக்கூடாது. கைக்குழந்தைகள் தரைத்தளத்தில்தான் இருக்க வேண்டும் என்ற ஒற்றை விதியே பாதி ஆபத்தைக் குறைத்துவிடும். வெளிநாட்டுக் காப்பகங்களில் நான்கைந்து குழந்தைகளை ஏற்றிக் கதவு வழியாகத் தள்ளிக்கொண்டு போகச் சக்கரக் கட்டில் வைத்திருக்கிறார்கள். இங்குள்ள வீடுகளின் வாசற்படியும் குறுகிய நிலைக்கதவும் அதற்கு இடம் கொடுக்காது. ஆகவே வெளிநாட்டு விதிகளை அப்படியே பெயர்த்து நட முடியாது. இந்த ஊர் வீட்டைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

இந்த ஊர் வீட்டில் என்னவெல்லாம் இருக்கும்? முன்வாசலில் சம்ப்பு. பின்னால் செப்டிக் டேங்க். மாடிப்படிக்கு அடியில் இன்வெர்ட்டர் பேட்டரி. கூடத்தை ஒட்டிய சமையலறையில் கேஸ் சிலிண்டர். ஜன்னலுக்கெல்லாம் திருடனுக்குப் பயந்து பற்றவைத்த இரும்புக் கம்பி. உள்ளே இருப்பவர் வெளியே வரவும் அதுதான் தடை. சம்ப்பு மூடிக்குப் பூட்டு, சமையலறைக்கு இடுப்பளவுத் தடுப்புக் கதவு, ஒரு ஜன்னலிலாவது உள்ளிருந்து திறக்கும் கம்பி, வாசலைத் தவிர இன்னொரு வழி. இவற்றுக்கு வல்லுநர் குழு வேண்டாம், ஒரு கொத்தனாரும் ஒரு வெல்டரும் வந்தால் ஒரு நாளில் முடிகிற வேலை. விதி இல்லாததால் செய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

தூக்கத்துக்கும் விதி வேண்டும். கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்கும்படி அமெரிக்காவில் 1994இல் பெரும் பிரசாரம் நடந்தது. தூக்கத்தில் திடீரென இறக்கும் குழந்தைகளின் விகிதம் அடுத்த சில ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இங்கே அதோடு தூளியையும் சேர்த்துப் பேச வேண்டும். பாட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து ஆட்டும் தூளி வேறு, ஒருவர் எட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு மூலையில் தொங்கவிடும் சேலை வேறு. கழுத்தில் சுற்றினால் சத்தம் வராது. தூளியைத் தடைசெய்வதா, கண்ணெதிரே ஆள் இருந்தால் மட்டும் அனுமதிப்பதா என்று குழந்தை மருத்துவர்களைக் கேட்டுத் தங்கள் துறை எழுதிவைக்கலாம். சாப்பாட்டுக்கும் அப்படியே: வேர்க்கடலையும் முழுத் திராட்சையும் தொண்டையில் சிக்கினால் முதுகில் எப்படித் தட்டுவது என்பதைக் காப்பகத்தில் ஒருவராவது கற்றிருக்க வேண்டும்.

பாதுகாப்பு என்றதும் எல்லோரும் கேமராவைக் காட்டுகிறார்கள். 2016 நவம்பரில் நவி மும்பையின் கார்கரில் பத்து மாதக் குழந்தையை ஓர் ஊழியர் அடித்து உதைத்தார். கேமரா இருந்தது; எல்லாவற்றையும் பதிவும் செய்தது. குழந்தையின் உடலில் காயத்தைப் பெற்றோர் கண்டு காவல் நிலையத்துக்குப் போகும் வரை அந்தப் பதிவை யாரும் பார்க்கவில்லை. கேமரா சாட்சி சொல்லும், குறுக்கே வந்து தடுக்காது. தடுப்பது அந்த அறையில் இருக்கும் இரண்டாவது பெரியவர். காப்பகத்தில் குழந்தைகள் எவ்வளவு குறைவாக இருந்தாலும் எந்த நேரமும் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது கேமராவைவிட விலை கூடிய விதி. அதனால்தான் அதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

விலையைப் பற்றியும் ஒளிக்காமல் பேச வேண்டும். ஓர் ஆயாவின் சம்பளம் மாதம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பத்துக் குழந்தைகளுக்கு ஒருவர் என்னும்போது தலைக்கு 1,200 விழும். ஐந்துக்கு ஒருவர் என்றால் 2,400. மென்பொருள் நிறுவன ஊழியர் முகம் சுளித்துக்கொண்டு கொடுத்துவிடுவார். பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அம்மாவால் கொடுக்க முடியாது. விதி கடுமையானதும் அவர் தேடும் மலிவான காப்பகம் மூடப்படும். அல்லது பலகையைக் கழற்றிவிட்டுப் பின்வாசல் வழியாக நடக்கும். பலகை இல்லாத காப்பகத்துக்குள் ஆய்வாளர் எப்படி நுழைவார்?

இதற்கு வழி உணவுத் துறையிலேயே இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் தள்ளுவண்டிக்காரரையும் நட்சத்திர ஓட்டலையும் ஒரே தராசில் வைக்கவில்லை. சிறியவருக்கு எளிய பதிவு, பெரியவருக்கு முழு உரிமம்; இருவருக்கும் ஓர் எண் உண்டு, அது வாடிக்கையாளர் கண்ணில் பட வேண்டும். வீட்டில் நான்கைந்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குக் கட்டணமில்லாப் பதிவும் இரண்டு நாள் பயிற்சியும் போதும். முப்பது பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குத் தீயணைப்புத் துறையின் சான்றும் ஊழியர்களுக்குக் காவல்துறைச் சரிபார்ப்பும் கட்டாயம் ஆகட்டும். ஏழைத் தாயின் குழந்தைக்கான இரண்டாவது ஆயாவின் சம்பளத்தில் ஒரு பங்கை அரசு ஏற்கட்டும். அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து நடத்தும் மத்திய அரசின் ‘பால்னா’ திட்டம் அந்தத் திசையில்தான் போகிறது.

சிங்கப்பூர் இதற்கென 2017இல் ஒரு சட்டம் இயற்றியது. கைக்குழந்தைக் காப்பகமும் மழலையர் பள்ளியும் அங்கே ஒரே அமைப்பின் கீழ் வருகின்றன. அதனால் மதியம் ஒரு மணிக்குக் குழந்தை ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு மாறுவதில்லை. தமிழ்நாட்டிலும் அந்தக் குழந்தை யாருடையது என்று முதலில் முடிவாக வேண்டும். பள்ளிக் கல்வித் துறையோடு உட்கார்ந்து பேசி, காலை முதல் மாலை வரை முழு நாளும் தங்கள் துறையின் பொறுப்பு என்று தாங்கள் ஏற்றுக்கொண்டால், மற்ற விதிகளை எழுதுவது சில மாத வேலை. பதிவுபெற்ற காப்பகங்களின் பட்டியலையும் கடைசியாக ஆய்வு நடந்த தேதியையும் பெற்றோர் கைப்பேசியில் பார்க்க முடிந்தால், ஆய்வாளருக்குப் பதில் ஆயிரம் கண்கள் கிடைக்கும்.

அந்த விதிகளை எழுதப்போகும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு நாள் மதியம் ஒன்றரை மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல், ஏதாவது ஒரு காப்பகத்தின் வாசலுக்குப் போகட்டும். கதவைத் தட்டுவதற்கு முன் வெளியே கிடக்கும் செருப்புகளை எண்ணட்டும். பெரிய செருப்பு எத்தனை ஜோடி, சின்னச் செருப்பு எத்தனை ஜோடி என்று பார்த்தாலே பாதி அறிக்கை எழுதிவிடலாம். மீதிப் பாதிக்கு உள்ளே போகத்தான் வேண்டும். நடக்கத் தொடங்காத குழந்தைகளுக்குச் செருப்பு கிடையாது.