போட்டியின்றித் தேர்வு

“வேறு யாரும் முன்மொழியப்படாததால், தலைவர் பொறுப்புக்கு இவர் போட்டியின்றித் தேர்வு பெறுகிறார்.”

கடந்த ஆண்டு நம் கழகத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இந்த அறிவிப்பு வந்ததும் மண்டபத்தில் பலத்த கைதட்டல் எழுந்தது. அந்த ‘இவர்’ நான்தான். ஒருவர் முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார். வாக்குச் சீட்டும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. மூன்றே நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

அன்றிரவு வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். “எத்தனை ஓட்டுய்யா கிடைச்சிச்சு?” என்று கேட்டார் அம்மா. “ஓட்டே இல்லம்மா. யாருமே எதிர்த்து நிக்கல” என்றேன். அம்மாவுக்கு அது இன்னும் பெருமையாகப் போயிற்று. எனக்கோ மனத்தில் ஒரு நெருடல்.

காரணம் இதுதான். கூட்டத்திற்கு இரண்டு நாள்களுக்கு முன்பு, இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் என்னிடம் வந்து, “அண்ணா, நான் தலைவர் பொறுப்புக்குப் போட்டியிடலாமா?” என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அருகிலிருந்த மூத்த மாணவர்கள் முந்திக்கொண்டனர். “நமக்குள்ள எதுக்கும்மா போட்டி? ஒற்றுமை கெட்டுப்போகும். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்.” நான் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் எனக்கு இலாபமாக இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இந்த நெருடலோடு படித்ததுதான் எஸ். ஆர். நாதனின் வாழ்க்கை. பன்னிரண்டு ஆண்டுகள் சிங்கப்பூரின் அதிபராக இருந்த தமிழர் அவர். அந்தப் பதவிக்கு அவருக்காக ஒரு குடிமகன்கூட வாக்களித்ததில்லை. வாக்களிக்க வாய்ப்பே வரவில்லை.

மூவார் சிறுவன்

செல்லப்பன் ராமநாதன் 1924ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் சிங்கப்பூரில் பிறந்தார். பிள்ளைப் பருவம் கழிந்தது நம் ஜொகூர் மாநிலத்து மூவாரில். தந்தை, இரப்பர் தோட்டங்களுக்குச் சேவை செய்த ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தின் எழுத்தர். உலகப் பொருளாதார மந்தத்தில் இரப்பர் விலை சரிந்தது. கடன் கழுத்தை நெரித்தது. தந்தை தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மகனுக்கு அப்போது எட்டு வயது.

குடும்பம் சிங்கப்பூருக்குத் திரும்பியது. சிறுவன் பள்ளியிலிருந்து இரு முறை வெளியேற்றப்பட்டான். பதினாறு வயதில் தாயோடு சண்டையிட்டுவிட்டு வீட்டைவிட்டே ஓடினான். ஜப்பானியர் ஆட்சியின்போது ஜப்பானிய மொழியைத் தானே கற்று மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தான். போர் முடிந்தபின் வேலை பார்த்துக்கொண்டே படித்து, அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1954இல் சமூகவியல் பட்டயம் பெற்றார் அந்த இளைஞர்.

தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போய், முதல் தவணையில் வகுப்பில் வாய் திறக்கவே அஞ்சியவன் நான். நம்மில் பலரும் அப்படித்தான். அதனால் இந்தக் கதையின் முற்பகுதி நமக்கு அந்நியமாகத் தோன்றாது.

அதன்பின் அவர் ஏறிய படிகள் பல. மருத்துவச் சமூகப் பணியாளர், கப்பல் தொழிலாளர் நல அதிகாரி, தொழிற்சங்க ஆய்வுப் பிரிவின் அதிகாரி, வெளியுறவு அமைச்சின் அதிகாரி, தற்காப்பு அமைச்சின் உளவுப் பிரிவுத் தலைவர் என்று தொடர்ந்தது அவர் பயணம். 1974ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் நான்கு ஆயுததாரிகள் புக்கோம் தீவிலிருந்த எண்ணெய் நிலையத்தைத் தாக்கி, ‘லாஜு’ என்னும் படகைப் பிணையாளிகளோடு கைப்பற்றினர். அவர்களைப் பாதுகாப்பாக வெளியேற விடுவது என்று முடிவானபோது, அவர்களோடு விமானத்தில் குவைத் வரை பிணையாகச் செல்ல 13 பேர் கொண்ட குழு ஒன்று முன்வந்தது. அதற்குத் தலைமையேற்றவர் நாதன். உயிரோடு திரும்புவோம் என்ற உத்தரவாதம் எதுவும் இல்லாத பயணம் அது.

பின்னர் வெளியுறவு அமைச்சின் முதல் நிரந்தரச் செயலாளர், பத்திரிகை நிறுவனத் தலைவர், மலேசியாவுக்கான சிங்கப்பூர்த் தூதர், 1990 முதல் 1996 வரை அமெரிக்காவுக்கான தூதர் எனப் பல பொறுப்புகள் அவரைத் தேடி வந்தன. தகுதி இல்லாமல் மேலே வந்தவர் என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது.

வாக்கில்லா அதிபர்

சிங்கப்பூர் 1991இல் தன் அரசமைப்பைத் திருத்தி, அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வழிசெய்தது. நாட்டின் சேமிப்பு நிதியை அரசாங்கம் நினைத்தபடி எடுத்துச் செலவழிக்கக்கூடாது. பெட்டிக்கு இரண்டு சாவிகள் இருக்க வேண்டும், இரண்டாவது சாவி மக்களின் ஆணை பெற்ற ஒருவரிடம் இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். முதல் தேர்தல் 1993இல் நடந்தது. ஓங் டெங் சியோங் ஏறக்குறைய 59 விழுக்காட்டு வாக்குகளோடு வென்றார்.

1999இல் அடுத்த தேர்தல் வந்தது. விண்ணப்பித்தவர்களில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது நாதன் ஒருவருக்கு மட்டுமே. வாக்குப் பதிவு இல்லை. 2005இலும் அதே கதை. ஆக, 1999 செப்டம்பர் 1 முதல் 2011 ஆகஸ்டு 31 வரை, அந்நாட்டில் எவரும் இருந்திராத அளவு நீண்ட காலம், அவர் அதிபராக இருந்தார்.

அவர் பணியில் குறை சொல்வது கடினம். 2000இல் அவர் தொடங்கிய ‘அதிபர் சவால்’ என்னும் அறநிதித் திட்டம் அவர் காலத்திலேயே 10 கோடி வெள்ளிக்கு மேல் திரட்டி ஏழை எளியோருக்கு உதவியது. 2009இல் உலக நிதி நெருக்கடி வந்தபோது, அரசாங்கம் முந்தைய சேமிப்பிலிருந்து 490 கோடி சிங்கப்பூர் வெள்ளி கேட்டது. அந்த இரண்டாவது சாவி முதன்முதலாகத் திரும்பியது நாதனின் கையில்தான். எடுத்ததில் 400 கோடி வெள்ளி 2011இல் சேமிப்புக்கே திருப்பி வைக்கப்பட்டது.

ஆனால், அந்தச் சாவியை அவருக்குக் கொடுத்தது யார்? மக்கள் வாக்கு அன்று. அதனால் அவர் சரியான முடிவை எடுத்தபோதும், “அரசாங்கத்தின் ஆள்தானே, தலையாட்டாமல் என்ன செய்வார்?” என்று சொல்ல விரும்பியவர்களுக்கு வாய் இருந்தது. வாக்கு பெற்ற ஒருவரிடம் அந்தப் பேச்சு எடுபட்டிருக்காது. போட்டியின்மை நாதனுக்குக் கிடைத்த வெகுமதி என்று பலர் நினைக்கின்றனர். நான் அதை அவருக்கு நேர்ந்த இழப்பு என்றே சொல்வேன். ஐம்பது ஆண்டு உழைப்பால் ஈட்டிய நம்பிக்கையை ஒரே ஒரு முறை எண்ணிப் பார்த்து மெய்ப்பிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்காமலே போயிற்று.

அமெரிக்காவில் ஒருவர்

இதே இழப்பை இன்னும் கடுமையாக உணர்ந்தவர் அமெரிக்க அதிபர் ஜெரால்ட் போர்டு. நாதன் குவைத்துக்குப் பறந்த அதே 1974இல்தான் போர்டும் அதிபரானார். துணை அதிபர் அக்னியூ 1973இல் பதவி விலகியதால் அந்த இடத்துக்கு நியமிக்கப்பட்டார். அதிபர் நிக்சன் 1974 ஆகஸ்டில் பதவி விலகியதால் அதிபரானார். துணை அதிபராகவோ அதிபராகவோ நாடு அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. பதவியேற்ற நாளன்றே அவர் அதை ஒளிக்காமல் சொன்னார். வாக்குச் சீட்டால் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதை அறிவேன், உங்கள் பிரார்த்தனையால் என்னை உறுதிப்படுத்துங்கள் என்ற பொருள்படப் பேசினார். மக்கள் நெகிழ்ந்தனர்.

அந்த நெகிழ்ச்சி ஒரே மாதம்தான் நீடித்தது. செப்டம்பர் 8ஆம் நாள் அவர் நிக்சனுக்கு மன்னிப்பு வழங்கினார். நாட்டின் காயம் ஆற வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். பேரம் பேசித்தான் நாற்காலி வாங்கினாரோ என்பது மக்களின் சந்தேகம். 1976 தேர்தலில் ஜிம்மி கார்ட்டரிடம் தோற்றார். அந்த முடிவு சரியானதே என்று பிற்காலத்தில் பலர் ஒப்புக்கொண்டனர். ஆனால் முடிவெடுத்த வேளையில், “என்னை நம்பித்தானே அனுப்பினீர்கள்?” என்று கேட்க அவருக்கு வழியில்லை. கடினமான முடிவெடுக்கும் நாளில்தான் தலைவனுக்கு வாக்கின் அருமை தெரியும்.

கேட்கப்படாத கேள்வி

இழப்பு தலைவருக்கு மட்டும்தானா? சீனர்கள் பெரும்பான்மையாக வாழும் நாட்டில் ஒரு தமிழர் மக்கள் வாக்கால் அதிபராக முடியுமா? நாதனின் பன்னிரண்டு ஆண்டுகளில் இந்தக் கேள்விக்கு விடையே கிடைக்கவில்லை. கேள்வி கேட்கப்படவே இல்லை என்பதுதான் காரணம். “முடியாது” என்றவர்களும் “முடியும்” என்றவர்களும் அவரவர் ஊகத்தோடு இருந்துவிட்டனர்.

2023ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் தர்மன் சண்முகரத்னம் இரண்டு சீன வேட்பாளர்களை எதிர்கொண்டார். 70.4 விழுக்காடு வாக்குகள்! ஊகத்துக்கு அங்கே இடமே இல்லாமல் போயிற்று. போட்டி இருந்ததால்தான் அந்த எண் நமக்குக் கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நடந்த பினாங்கு மாநிலத் தேர்தலில் முதன்முறையாக வாக்களித்து விரலில் மையோடு திரிந்தவன் நான். அந்த எண்ணின் எடை எனக்கு நன்றாகவே புரிந்தது.

நம் ஊர் இராமநாதன்

பினாங்கு மாணவர்களுக்கு இன்னோர் இராமநாதனையும் தெரிந்திருக்க வேண்டும். ஜோர்ஜ்டவுனில் ‘ஜாலான் டி. எஸ். ராமநாதன்’ என்றொரு சாலை இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் அதைக் கடக்கும் நம்மில் எத்தனை பேர் அவர் யாரென்று கேட்டிருப்போம்? 1957இல் ஜோர்ஜ்டவுன் மாநகரத் தகுதி பெற்றபோது அதன் முதல் மேயரானவர் அவர். தொழிலாளர் கட்சியைச் சேர்ந்தவர். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மன்றத்திலிருந்து வந்தவர். மலாயாவின் முதல் நகராட்சித் தேர்தல் நடந்ததும் இதே ஊரில்தான், 1951இல்.

இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. மோதல் அடுத்த ஆண்டே ஓய்ந்தது. தேர்தல் மட்டும் திரும்பவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அதை ஒரேயடியாக எடுத்துவிட்டது. மீண்டும் கொண்டுவரப் பினாங்கு அரசு 2012இல் சட்டம் இயற்றியது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2023இல் ஏ. ராஜேந்திரன் பினாங்குத் தீவின் மேயரானபோது தமிழர்களாகிய நாம் மகிழ்ந்தோம். ஆனால் அவரும், அவருக்கு முன்பிருந்தவர்களும் நியமனம் பெற்றவர்களே. முதல் இராமநாதன் நம் ஊராரின் வாக்கில் வந்தவர் என்பதையே ஊர் மறந்துவிட்டது.

“இப்போதைக்கு வேண்டாம்” என்று சொல்லி வாக்கை ஒதுக்கிவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? காரணம் ஓராண்டில் போய்விடுகிறது. பழக்கம் அறுபது ஆண்டுகள் நின்றுவிடுகிறது. “அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்” என்று நாம் அந்தத் தங்கையிடம் சொன்னதும் இதே வகைதான்.

நாம் செய்யக்கூடியது

போட்டி வந்தால் ஒற்றுமை கெடும் என்கிறார்கள். அது முழுப் பொய்யன்று. தேர்தலால் உடைந்த சங்கங்களை நம் சமுதாயம் நிறையவே கண்டிருக்கிறது. ஆனால், பேசாமல் அடங்கிப் போனவர் மறுகூட்டத்துக்கு வராமல் இருப்பதும் பிளவுதானே? சத்தம் வராததால் அதை நாம் ஒற்றுமை என்று எண்ணிக்கொள்கிறோம்.

எனவே, பதவியிலிருந்து விலகும் வேளையில் மூன்று பரிந்துரைகளைச் செயலவையின் முன் வைத்திருக்கிறேன். வேட்புமனுக்கள் பொதுக்கூட்டத்திற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே திறக்கப்பட வேண்டும். வாக்கெடுப்பு இரகசியமாக நடக்க வேண்டும். ஒரே ஒருவர் மட்டும் நின்றாலும், ‘ஏற்கிறேன்’ அல்லது ‘ஏற்கவில்லை’ என்று உறுப்பினர்கள் சீட்டில் குறிக்க வேண்டும். பாதிக்கு மேல் ஏற்றால்தான் பதவி. இதற்குச் செலவு, ஒரு கட்டுத் தாளும் அரை மணி நேரமும்தான்.

நாதன் 2016 ஆகஸ்டு 22ஆம் நாள், 92ஆம் வயதில் மறைந்தார். அவருடைய அரசு மரியாதை இறுதிச் சடங்கில், அவர் விருப்பப்படி, ‘பொற்காலம்’ படத்துப் பாடல் ஒன்று ஒலித்தது. பல ஊர் மண்ணைக் குழைத்து ஒரு பொம்மை செய்பவனின் பாட்டு அது. பல இனம் சேர்ந்த நாட்டின் தலைவருக்கு எவ்வளவு பொருத்தம்! அந்த மண் ஒவ்வொன்றும் தன் கையால் ஒரு சீட்டைப் போட்டிருந்தால் அவருக்கு இன்னும் நிறைவாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த மாணவியைச் சென்ற மாதம் சந்தித்து மன்னிப்புக் கேட்டேன். “மன்னிப்பெல்லாம் எதுக்குண்ணா? தேர்தல் வையுங்க, போதும்” என்றார். இவ்வாண்டு அவர் போட்டியிடுகிறார். அவரை எதிர்த்து இன்னொருவரும் நிற்க வேண்டும் என்பதே என் விருப்பம். நண்பர்களே, பொதுக்கூட்டத்திற்கு வாருங்கள். கைதட்டுவதற்கு முன் வாக்களியுங்கள்.