தவளைக்கு மஞ்சள் பூசலாமா?

தவளை தன் வாயால் கெடும் என்பது பழமொழி. கண்ணாடித் தொட்டியில் வளரும் தவளையோ பெரும்பாலும் தன் தோலால் கெடுகிறது. வைத்தியம் பார்க்கிறேன் என்று கிளம்புகிறவர்களின் கையால் இன்னும் சீக்கிரம் கெடுகிறது!

வண்ணமீன் கடைகளில் மீனோடு மீனாக விற்கும் வெள்ளைத் தவளை உள்ளூர்த் தவளை அல்ல; ஆப்பிரிக்க நகத்தவளை. 1930-களில் தொடங்கிய கர்ப்பப் பரிசோதனைக்காகப் பல நாடுகளுக்கு ஏற்றுமதியான இனம் இது. பிறகு வளர்ப்புப் பிராணியாகவும் ஆகிவிட்டது. ஆசையாக வாங்கிப்போன பிள்ளைகள் ஒருநாள் அதன் காலில் பஞ்சு ஒட்டியதுபோல எதையோ பார்க்கிறார்கள். உடனே வீட்டில் ஆளுக்கொரு யோசனை. மஞ்சள் பூசு, கல்லுப்பைப் போடு, படர்தாமரைக் களிம்பைத் தடவு...

தவளையின் தோல் மனிதத் தோல் போன்றது அல்ல. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால்தான் உறிஞ்சுகிறது. சுவாசத்தில் ஒரு பங்கும் தோல் வழியாகவே நடக்கிறது. அதன் மேல் தடவுவது எதுவானாலும் நேராக உடம்புக்குள் போகும். களிம்பைப் பூசினால் மூக்கைப் பொத்தியது போலத்தான்.

அடுத்து மீன்கடைப் பச்சை மருந்து. இந்த விஷயம் காஞ்சிபுரத்துக்குத்தான் நன்றாகப் புரிய வேண்டும். மாலகைட் கிரீன் என்ற அந்த மருந்து அடிப்படையில் பட்டுக்கும் தோலுக்கும் போடும் சாயம்! மெத்திலீன் புளூவும் 1876-இல் துணிச் சாயமாகப் பிறந்ததுதான். உணவு மீன்களுக்கு மாலகைட் கிரீனைப் பயன்படுத்த அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் அனுமதிப்பதில்லை. கைபட்டால் சுலபத்தில் போகாத சாயத்தை, தோலால் தண்ணீர் குடிக்கும் ஜீவனின் மேல் கண் அளவில் ஊற்றலாமா? பிள்ளையார்பாளையத்துச் சாயப்பட்டறைக்காரர்களைக் கேட்டால் அவர்களே வேண்டாம் என்பார்கள்.

இன்னொரு சிக்கல், கண்ணால் பார்த்து நோயைச் சொல்லிவிட முடியாது. பஞ்சு போலத் தெரிவது பெரும்பாலும் அழுக்குத் தண்ணீரில் புண்மேல் படரும் நீர்ப்பூஞ்சை. 1999-இல் விஞ்ஞானிகள் பெயரிட்ட கைட்ரிட் பூஞ்சையோ பஞ்சாகத் தெரியாது. தோல் அளவுக்கு மீறி உரியும், தவளை சோர்ந்து கிடக்கும், உடலின் உப்புச் சமநிலை குலைந்து கடைசியில் இதயம் நின்றுவிடும். வயிறும் தொடையும் சிவந்தால் பாக்டீரியாவாகவும் இருக்கலாம். தோலை ஒற்றியெடுத்துச் சோதித்தால்தான் நிச்சயம். கைட்ரிட்டுக்கு இட்ராகோனசோல் கரைசலில் தினமும் சில நிமிடம், பத்து நாள் போலக் குளிப்பாட்டும் சிகிச்சை உண்டு. ஆனால் அளவு மிஞ்சினால் அந்த மருந்தே ஆபத்து. அதைக் கால்நடை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். உள்ளூரில் தவளை பார்க்கும் மருத்துவர் கிடைக்காவிட்டால், சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம்.

அப்படியானால் வீட்டில் செய்ய ஒன்றுமே இல்லையா? நிறைய இருக்கிறது. நோயுற்ற தவளையைத் தனிப் பாத்திரத்துக்கு மாற்றலாம். குளோரின் போகும்படி ஒரு நாள் திறந்து வைத்த தண்ணீரைத் தினமும் மாற்றலாம். பவுடர் இல்லாத கையுறையை நனைத்துப் போட்டுக்கொண்டு தொடலாம். பழைய தொட்டியை பிளீச்சிங் கரைசலில் கழுவி, நன்றாக அலசி, வெயிலில் காய வைக்கலாம். கைட்ரிட் பூஞ்சை முழுக்கக் காய்ந்தால் பிழைக்காது. காஞ்சிபுரத்து வெயிலுக்கு இதுவும் ஒரு நல்ல வேலை!

செய்யவே கூடாதது ஒன்று உண்டு. "பாவம், சாகட்டுமா?" என்று சர்வதீர்த்தத்திலோ வேறு குளத்திலோ விடுவது. நகத்தவளை தனக்கு ஒன்றும் ஆகாமலே கைட்ரிட்டைச் சுமக்கக்கூடியது. அந்தப் பூஞ்சையால் உலகில் 500-க்கும் மேற்பட்ட நீர்நில வாழ்வன இனங்கள் குறைந்துள்ளதாகவும், அவற்றில் 90 இனங்கள் அழிந்தே போயிருக்கலாம் என்றும் 2019-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையில் அது இருப்பது 2011-லேயே பதிவாகிவிட்டது. இரக்கப்பட்டு விடும் ஒரு தவளை, ஐப்பசி மழையில் கத்தும் குளத்துத் தவளைகளுக்கெல்லாம் எமனாகலாம். தொட்டித் தண்ணீரையும் குளத்திலோ கால்வாயிலோ கொட்டாமல், பிளீச்சிங் கலந்து வைத்திருந்து பிறகு கொட்டுவதே நல்லது.

தவளையின் விலையைவிட வைத்தியச் செலவு அதிகம், வேறொன்று வாங்கிக்கொள்ளலாம் என்று சிலர் கணக்குப் போடுவார்கள். லாப நஷ்டம் பார்க்க வேண்டிய இடம் கடைவாசல். வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அது சரக்கு அல்ல, உயிர். மருத்துவரிடம் கொண்டுபோக மனமில்லாதவர்கள் தவளையை வாங்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் முதல் வைத்தியம்.