பீரியட்ஸ் பிந்தினால் யாரிட்டக் கேக்கிறது?



ஒரு பிள்ளையின்ர முதல் மாதவிடாயை எங்கட சனம் மண்டபம் எடுத்து, முந்நூறு பேருக்குச் சாப்பாடு குடுத்து அறிவிக்குது. அதே பிள்ளை இருபது வயசில் கருத்தடைக் குளிசை தொடங்கி, பீரியட்ஸ் பிந்தினால் வாய் திறக்கேலாது. லண்டனில் வளர்ந்த எனக்கும் அதுதான் நடந்தது. கர்ப்பமோ எண்ட பயத்தைவிட, அலுமாரியில் பேட்ஸ் குறையேல்லை எண்டு அம்மா கவனிப்பா எண்ட பயம்தான் பெரிசாக இருந்தது.

எனக்கு ஒருத்தரும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். இரண்டு ஹார்மோன் உள்ள குளிசையை 21 நாள் போட்டு 7 நாள் விடும்போது வருவது உண்மையான மாதவிடாய் இல்லை. ஹார்மோன் நிற்பதால் வரும் இரத்தப்போக்கு. அது குறையலாம், சில மாதம் வராமலும் போகலாம். மினி பில், ஊசி, இம்பிளான்ட் எண்டால் இந்த மாற்றம் இன்னும் சாதாரணம். குளிசையை ஒழுங்காகப் போட்டிருந்தால் கர்ப்பத்துக்கு வாய்ப்பு மிகக் குறைவு. குளிசை தவறினாலோ, வாந்தி, வயிற்றோட்டம் வந்தாலோ சந்தேகப்படலாம். பாதுகாப்பில்லாமல் உறவு கொண்ட நாளிலிருந்து 21 நாள் கழிச்சு வீட்டிலேயே சோதிச்சால், விடையை நம்பலாம்.

இதைப் "பொம்பிளையளின்ர விசயம்" எண்டு ஒதுக்காதீங்க. 1956-இல் புவேர்ட்டோ ரிக்கோவின் ஏழைப் பெண்களுக்கு இந்தக் குளிசையைக் குடுத்துப் பார்த்தபோது, அது பரிசோதனை எண்டே அவர்களுக்குச் சொல்லவில்லை. 1961-இல் பிரித்தானியாவுக்கு வந்தபோது அது முக்கியமாகக் கலியாணம் முடிச்ச பெண்களுக்குத்தான். 1974-இல்தான் குடும்பக் கட்டுப்பாட்டு கிளினிக்குகள் மற்றப் பெண்களுக்கும் இலவசமாகக் குடுக்கத் தொடங்கின. யாருக்கு மருந்து, யாருக்குத் தகவல் எண்டதை எப்பவும் அதிகாரம்தான் தீர்மானிச்சிருக்கு. எங்கட வீடுகளில் அந்த அதிகாரத்தின் பெயர் மானம்.

இங்கிலாந்தில் கருத்தடை இலவசம். பாலியல் நல கிளினிக்குக்குப் போக ஜீபியின் கடிதம் தேவையில்லை. ஜீபி அம்மாவுக்குத் தெரிஞ்ச தமிழ் டொக்டராக இருந்தாலும், நீங்கள் சொன்னதை வீட்டில் சொல்ல அவருக்கு உரிமையில்லை. புதிதாக வந்து, ஆங்கிலம் தெரியாமல், கணவனை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போகும் அக்காமாருக்கு மொழிபெயர்ப்பாளர் கேக்கலாம் எண்டதையாவது சொல்லுங்கள்.

நாங்கள் நிலம், அகதி உரிமை, கூலி பற்றி மணிக்கணக்கில் கதைக்கிறோம். அடுத்த வாசிப்பு வட்டத்தில் இதுக்கும் ஒரு மணித்தியாலம் ஒதுக்குவம். ஆண் தோழர்களும் இருக்கவேணும். தேத்தண்ணி போடுற சாட்டில் எழும்பிப் போகக்கூடாது.