காலிக் கோட்டைக்குள் குடியிருப்பவர்கள்

காலிக்குச் சுற்றுலா போகிறவர்கள் கோட்டைக்கு ஒதுக்குவது பெரும்பாலும் ஒரு மணித்தியாலம்தான். மதிலில் ஏறி ஒரு நடை, வெளிச்சவீட்டுக்கு முன்னால் நாலு படம், ஒரு ஐஸ்கிறீம். பிறகு பஸ் மாத்தறைப் பக்கம் போய்விடும். "ஒல்லாந்தர் கோட்டை பார்த்தாச்சு" என்று ஆளுக்காள் சொல்லிக்கொள்வார்கள். உண்மையில் அவர்கள் பார்த்தது மதிலை மட்டும்தான்.

மதில் பார்க்க வேண்டியதுதான், அதில் சந்தேகமில்லை. போர்த்துக்கேயர் தரைப் பக்கத்தை மட்டும் அடைத்துக் கட்டியிருந்தார்கள். 1640இல் அதைப் பிடித்த ஒல்லாந்தர் கடற்பக்கத்தையும் வளைத்து முழுக் கோட்டையாக்கினார்கள். 1796இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. பழைய வாசலின் உட்பக்கத்தில் ஒல்லாந்தக் கம்பனியின் சின்னம், சேவலோடும் 1669 என்ற ஆண்டோடும் இருக்கிறது. வெளிப்பக்கத்தில் பிரித்தானிய அரச சின்னம். ஒரே வாசலுக்கு இரண்டு முதலாளிகள்!

பீரங்கிக்காகக் கட்டிய அந்த மதில் பிற்காலத்தில் வேறொரு வேலையும் செய்தது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, வெளியே இருந்த பஸ் நிலையமும் கிரிக்கெட் மைதானமும் நாசமாகின. பல உயிர்கள் போயின. மதிலுக்கு உள்ளே இருந்த தெருக்கள் பெருமளவு தப்பின. மைதானத்தில் மறுபடி டெஸ்ட் போட்டி நடக்க 2007 டிசம்பர் ஆனது. முரளி தன் 800ஆவது விக்கெட்டை 2010இல் எடுத்ததும் இங்கேதான். மதிலில் உட்கார்ந்தால் ஆட்டம் இலவசம் என்பது கிரிக்கெட் ரசிகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் மதிலை விடப் பெரிய விஷயம் அதற்குள் ஊர் இருப்பது. 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றது கோட்டையை மட்டுமல்ல, உள்ளே இருக்கும் பழைய நகரத்தையும் சேர்த்துத்தான். சிகிரியாவில் இன்று யாரும் குடியிருப்பதில்லை. காலிக் கோட்டையில் அடுப்பெரிகிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், வெளிச்சவீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறார்கள். (அந்தப் பள்ளிவாசலைத் தூரத்தில் நின்று பார்த்தால் தேவாலயம் என்றே நினைக்கத் தோன்றும்.)

கோட்டைவாசிகளில் கணிசமானோர் சோனகர். அவர்களின் வீட்டு மொழி தமிழ். இன்று பெட்லர் வீதி எனப்படும் தெருவை ஒல்லாந்தர் சோனக வியாபாரிகளின் தெரு என்றே அழைத்தார்கள். ஆகவே அவர்கள் நேற்று வந்தவர்கள் அல்ல. தமிழ்ப் பயணி ஒருவர் இங்கே அரைகுறை ஆங்கிலத்தில் வழி கேட்பது வேடிக்கைதான். தமிழில் கேட்டால் பதிலோடு ஒரு பிளேன்டீயும் கிடைக்கக்கூடும்.

தமிழுக்கும் காலிக்கும் உள்ள உறவு ஒல்லாந்தருக்கும் முந்தியது. 1911இல் காலி நகரில் மதகு ஒன்றின் மூடுகல்லாகக் குப்புறக் கிடந்த கல்லைப் புரட்டிப் பார்த்தபோது, சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் எழுத்து இருந்தது. சீனத் தளபதி செங் ஹேயின் கப்பற்படை கொண்டுவந்த கல் அது. பொறித்த ஆண்டு 1409. சீனப் பகுதி புத்தரைப் போற்ற, தமிழ்ப் பகுதி தெவிநுவரையில் கோயில் கொண்டிருந்த தென்னாவரை நாயனாரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வை. ஒரு துறைமுகத்தில் யார் யார் நடமாடினார்கள் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? கல் இப்போது கொழும்புத் தேசிய அரும்பொருட்காட்சியகத்தில் இருக்கிறது.

இத்தனை பேர் வந்துபோன ஊரிலிருந்து இப்போது அங்கேயே பிறந்தவர்கள் வெளியேறுகிறார்கள். 2000களின் தொடக்கத்திலிருந்து வெளிநாட்டுக்காரரும் கொழும்புக்காரரும் பழைய வீடுகளை வாங்கி ஹோட்டலாகவும் நகைக்கடையாகவும் கஃபேயாகவும் மாற்றினார்கள். விற்றவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. மரபுரிமைப் பகுதியில் நினைத்தபடி கூரையை மாற்ற முடியாது, மாடி எழுப்ப முடியாது. பழைய ஓட்டையும் மரத்தையும் காப்பாற்றச் செலவு அதிகம். பக்கத்து வீட்டுக்குக் கோடிக்கணக்கில் விலை பேசும்போது ஓய்வூதியத்தில் வாழும் ஒரு குடும்பம் எத்தனை நாளைக்குத் தாக்குப்பிடிக்கும்? 2014இல் வந்த காணிச் சட்டம் வெளிநாட்டவர் காணி வாங்குவதைக் கட்டுப்படுத்தியது. ஆனால் குத்தகைக்கு வழி இருக்கிறது, உள்நாட்டுப் பணக்காரருக்கோ அந்தத் தடையே இல்லை.

சுற்றுலாவை நிறுத்தச் சொல்ல முடியாது. அந்தப் பணம் இல்லாமல் பல வீடுகள் இடிந்தே போயிருக்கும், அதுவும் உண்மை. ஆனால் சட்டத்தால் வீட்டைப் பூட்டுகிற அரசு அதைப் பராமரிக்கும் செலவில் ஒரு பங்கையாவது ஏற்க வேண்டும். நெதர்லாந்தின் உதவியோடு கோட்டைக்குள் பல வீடுகளின் முகப்புகள் முன்பு திருத்தப்பட்டிருக்கின்றன, ஆக இது நடக்காத காரியமல்ல. குடியிருக்கும் குடும்பத்துக்கு ஒரு சலுகை, ஹோட்டலாக்குபவருக்குக் கூடுதல் வரி என்று வைத்தால் என்ன குறைந்துவிடும்?

காலிக்குப் போகிறவர்களும் ஒரு மணித்தியாலத்தை ஓர் இரவாக்கலாம். குடும்பமே நடத்தும் விடுதிகள் இன்னும் உண்டு, அங்கே தங்குங்கள். கடைசி பஸ்ஸும் போன பிறகு, மாலையில் கோட்டைவாசிகள் காற்று வாங்க அதே மதிலுக்கு வருவார்கள். பிள்ளைகள் பட்டம் விடுவார்கள், பெரியவர்கள் கதைத்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்.