தனித்துப் படிக்கும் எம் பிள்ளைகள்

ஆவணியும் புரட்டாதியும் புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு வழியனுப்பும் மாதங்கள். பிள்ளையின் பெட்டியும் குளிராடையும் சோறு வடிக்கும் குக்கரும் காரில் ஏறுகின்றன. தாய் தந்தையர் சொல்லியனுப்பும் புத்திமதிகளுள் ஒன்று மட்டும் இலண்டனிலும் பாரிசிலும் ரொறொன்ரோவிலும் ஒரே மாதிரியாக இருக்கிறது: ஒருவரோடும் சேராதே, உன் படிப்பைப் பார், உன் குறிப்புகளை எவருக்கும் கொடாதே. இப்புத்திமதி எங்கிருந்து வந்தது, அது இந்நாடுகளில் எமது பிள்ளைகளை என்ன செய்கிறது என்பது பற்றிச் சில சொல்ல விரும்புகின்றோம்.

இதனை யாழ்ப்பாணத்தாரின் குணம் என்று கூறிச் சிரிப்போர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. அதன் அடியில் ஒரு கணக்கு இருந்தது. 1971இல் தரப்படுத்தல் வந்தபோது பேராதனைப் பொறியியற் பீடத்துக்குள் நுழைவதற்குத் தமிழ்மொழி மூலம் தோற்றியவர் 250 புள்ளிகளும் சிங்களமொழி மூலம் தோற்றியவர் 227 புள்ளிகளும் பெறவேண்டியிருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்துகொண்டது. மொழிவழி இழைக்கப்பட்ட அநீதியைப் பற்றி நாம் ஏராளமாக எழுதியிருக்கிறோம். மாவட்ட ஒதுக்கீடு எமது ஒழுங்கைகளுக்குள் செய்த வேலையைப் பற்றி அவ்வளவாக எழுதவில்லை. மாவட்டத்துக்கு இத்தனை இடங்கள் என்று எண்ணி வைத்தபின், முந்தவேண்டியவன் கொழும்பில் இருக்கவில்லை. அதே ரியூஷன் கொட்டிலில் அதே வாங்கில் தோளோடு தோள் உராய இருந்தான். பழைய வினாத்தாளை ஒளித்து வைத்ததும், படித்துவிட்டுப் படிக்கவில்லை என்று சொன்னதும் அக்கணக்கின் விளைவுகளே.

இது எமக்கு மட்டும் உரிய நோயுமன்று. அதே 1971இல் பிரான்சு மருத்துவக் கல்விக்கு எண்ணிக்கை வரம்பு விதித்தது. முதலாண்டின் முடிவில் எடுத்த புள்ளி எவ்வளவு என்பது பொருட்டல்ல, எத்தனையாவது இடம் என்பதே பொருட்டு. விரிவுரை மண்டபத்தில் இரண்டாம் முறை தோற்றுவோர் கூச்சலிட்டுப் புதியவர்களைக் கேட்கவிடாது செய்த கதைகளைப் பாரிசில் வாழும் எம்மவர் தம் பிள்ளைகளிடமிருந்தே கேட்டிருப்பர். 2019இல் சட்டம் மாறி, 2020 முதல் புதிய முறை வந்தது. எனினும் வடிகட்டல் ஓயவில்லை. ஆயினும் அந்த நெரிசலுக்குள்ளேயே மேல்வகுப்பு மாணவர் சங்கங்கள் முதலாண்டினருக்குச் சிறு கட்டணத்தில் பாடஞ் சொல்லியும் மாதிரிப் பரீட்சை வைத்தும் வருகின்றன. பெருந்தொகை கொடுத்துத் தனியார் நிறுவனங்களில் பிள்ளையைச் சேர்க்கும் எமது பெற்றோரிற் பலர் இதனை விசாரித்துப் பார்ப்பதேயில்லை.

ஆனால் உலகின் மிகக் கடினமான பல்கலைக்கழகங்கள் எல்லாம் இவ்வாறு இயங்குவதில்லை. அமெரிக்காவில் எம்.ஐ.ரி. என வழங்கும் நிறுவகம் 1968இல் முதலாண்டு மாணவருக்குத் தர எழுத்துகளை நிறுத்திச் சித்தி என்று மட்டும் பதியும் முறையைக் கொண்டுவந்தது. இன்று அது முதற் பருவத்துக்கு உரியது. சித்தியடையாத பாடம் வெளியே செல்லும் பெறுபேற்றுப் பத்திரத்தில் ஏறுவதில்லை. பசடீனாவிலுள்ள கல்ரெக்கில் பரீட்சைத் தாளை மாணவர் அறைக்கு எடுத்துச் சென்று, மேற்பார்வையாளர் இன்றி, மானத்தை மட்டும் சாட்சியாக வைத்து எழுதுகின்றனர். வாராந்தக் கணக்குகளை அங்கு பெரும்பாலும் கூடியிருந்து பேசித் தீர்க்கலாம். விடையை அவரவர் தாமே விளங்கி எழுதவேண்டும். கூடிப் படிப்பதும் பார்த்தெழுதுவதும் ஒன்றல்ல என்பதை எமது வீடுகளில் இன்னும் பிரித்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. மறுபுறம், பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகம் 2004இல் அதியுயர் தரங்கள் 35 சதவீதத்துக்குள் அடங்கவேண்டும் என்றொரு கொள்கை வகுத்தது. அது வெறும் வழிகாட்டல் என்று நிர்வாகம் சொன்னாலும் மாணவர் அதனைப் பங்கீடாகவே கண்டனர். 2014இல் அது கைவிடப்பட்டது.

எம்மவர்க்கு இவை எல்லாவற்றிலும் நெருக்கமானது வேறொரு செய்தி. 1970களில் கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் யூரி திரைஸ்மன் என்னும் கணித ஆசிரியர், நுண்கணிதப் பாடத்திற் கறுப்பின மாணவர் பலர் ஏன் தவறுகின்றனர் என்று அறிய விரும்பினார். ஊக்கமில்லை, பள்ளியிற் போதிய அடிப்படையில்லை, பெற்றோர் அக்கறையில்லை என்று விரிவுரையாளர் ஊகித்தனர். அவர் கறுப்பின மாணவர் 20 பேரையும் சீன வம்சாவழியினர் 20 பேரையும் அவர்கள் படிக்கும் இடங்களுக்கே சென்று கவனித்தார். ஊகங்கள் பொய்த்தன. கறுப்பின மாணவர்களிற் பலர் தத்தம் பள்ளிகளில் முதல்வராக வந்தவர்கள், வகுப்புத் தவறாதவர்கள். ஆனால் தனியே படித்தார்கள். சுற்றுப்புறத்தின் இழுப்புக்குத் தப்பித் தனித்துப் படித்ததால் அல்லவா பல்கலைக்கழகம் வரை வந்தோம் என்பது அவர்கள் நம்பிக்கை. சீன மாணவர் முதலில் தனியே கணக்குச் செய்தபின் மாலையிற் கூடினர், விடைகளை ஒப்பிட்டனர். ஒருவனது விடை மட்டும் வேறாயிருந்தால் பிழை தன்னுடையது என அறிந்தான். எவருக்குமே வரவில்லையாயின் கணக்குக் கடினம் என அறிந்து மனந்தளராதிருந்தான். தனித்திருந்தவனுக்கு அந்த இரண்டாவது செய்தி கிடைக்கவே வழியில்லை. தனக்கு மூளை போதாது என்று அவன் முடிவு கட்டினான்.

திரைஸ்மன் 1978இல் ஒரு பட்டறையைத் தொடங்கினார். பின்தங்கியோருக்கு உதவி என்று அதற்குப் பெயரிடவில்லை. சிறந்து விளங்க விரும்புவோரை அழைத்து, வழக்கத்திலும் கடினமான கணக்குகளைக் குழுக்களாகச் செய்யவைத்தார். அதில் சேர்ந்த கறுப்பின மாணவர் சேராதவர்களை விட மிக உயர்ந்த தரங்களைப் பெற்றனர். அவர் இதனை 1992இல் விரிவாக எழுதி வெளியிட்டார்.

அகதிக் குடும்பத்துப் பிள்ளையின் கதை இதிலிருந்து வேறானதா? வீட்டில் வேறெவரும் பல்கலைக்கழகம் கண்டிராத பிள்ளை. முதற் பரீட்சையில் வழுக்கினால் அதை வீட்டிற் சொல்ல அஞ்சும் பிள்ளை. கோயில் வீதியில் "உங்கட மகனுக்கு எத்தனை?" என்று விசாரிப்பதை நாம் நிறுத்தப் போவதில்லையாதலால் அந்த அச்சத்தில் நியாயமும் உண்டு. அவன் தன் அறைக்குள் இன்னும் அதிக நேரம் தனித்திருக்கிறான். இரண்டாம் ஆண்டில் பாடநெறியை விட்டது வீட்டாருக்கு மூன்றாம் ஆண்டிலேயே தெரியவருகிறது.

ஊரிலும் உள்ளே சென்றவர்கள் வேறு வழக்கத்தைக் கண்டார்கள். இலங்கைப் பல்கலைக்கழகங்களில் 'குப்பி' என்றொன்று உண்டு. (எம்மிற் பலருக்கு அச்சொல் வேறொன்றை நினைவூட்டும், இங்கு அது மண்ணெண்ணெய்க் குப்பிவிளக்கு.) பாடத்தில் தேறிய மாணவர் ஒருவர் பரீட்சைக்கு முன் ஏனையோரை இருத்திக் கட்டணமின்றி விளக்கும் வகுப்பு அது. அனுமதிக்காக ஒருவரையொருவர் முந்த ஓடியவர்களே உள்ளே சென்றபின் குப்பி கொடுத்தார்கள். எம் தலைமுறையிற் பலரோ உயர்தரப் பரீட்சையோடு, அல்லது அதற்கும் முன்னரே, நாட்டை விட்டோடியவர்கள். வாசலில் நடந்த நெரிசல் மட்டுமே எமக்குத் தெரியும். அதையே பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டோம்.

ஆகவே பல்கலைக்கழகத்தைப் பார்க்கச் செல்லும் பெற்றோர், அதன் தரவரிசையைக் கேட்குமளவுக்குப் புள்ளி வழங்கும் முறையையும் கேட்கட்டும்: ஒரு வகுப்பில் இத்தனை பேருக்கே உயர்தரம் என்று வரம்புண்டா, வீட்டுக் கணக்கைக் கூடிச் செய்ய விதி இடந்தருகிறதா, மேல்வகுப்பினர் பாடஞ் சொல்லும் ஏற்பாடு உண்டா? எமது பழைய மாணவர் சங்கங்களும் ஆண்டுக்கொரு இராப்போசன விருந்தோடு நில்லாது, முதலாண்டுப் பிள்ளைகளையும் அதே துறையில் இரண்டு ஆண்டு மூத்தவர்களையும் கிழமைக்கொரு மாலை ஒரு மேசையில் இருத்தலாம். அதற்கு வேண்டிய அறைகளைத் தேடி அலையவேண்டியதில்லை. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலை முடிந்தபின் அவை வெறுமையாகவே கிடக்கின்றன.