நடிப்பும் நம் மதிப்பும்

"நடிக்கவே இல்லை, வாழ்ந்திருக்கிறான்" என்பது இன்று ஒரு நடிகருக்கு நாம் வழங்கும் உயர்ந்த நற்சாட்சிப் பத்திரமாக ஆகியிருக்கிறது. திண்டுக்கல்லில் இரவுக் காட்சி விட்டு, வண்டியை எடுப்பதற்காகக் கூட்டத்தோடு நகரும்போது, முன்னாலும் பின்னாலும் இந்தப் பாராட்டே காதில் விழும். மனத்தில் மாசில்லாமல், வயிறு நிறைந்த திருப்தியோடு சொல்லப்படும் வார்த்தைதான் அது. ஆயினும், கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் வெளிவந்த தமிழ்ப் படங்கள் சிலவற்றை, தியேட்டரில் பார்த்தவற்றை வீட்டுத் திரையில் மறுபடியும், தவறவிட்டவற்றைப் புதிதாகவும், அண்மையில் அடுத்தடுத்துப் பார்த்து முடித்தபோது, இப்படிப் பாராட்டுவதன் மூலம் நல்ல நடிகர்களுக்கு நாம் அநீதியே இழைத்து வருகிறோம் என்ற அபிப்பிராயம் எனக்கு உறுதிப்பட்டது. நடிகர் அரும்பாடுபட்டுச் செய்த காரியமெல்லாம் அவருடைய பிறவிச் சுபாவத்தின் கணக்கில் வரவு வைக்கப்பட்டுவிடுகிறது. பிறவியிலேயே வந்தது என்றால், அதற்காக அவர் உழைத்தார் என்று எவர் நினைப்பார்கள்?

சூரியை எடுத்துக்கொள்வோம். அவரை நமது ஜில்லாவாசிகள் வெகுகாலமாக அறிவார்கள். ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து சினிமாவுக்குச் சென்ற சுசீந்திரன் 2009-இல் தமது முதல் படமாக எடுத்த 'வெண்ணிலா கபடிக்குழு'வில், பந்தயம் கட்டிப் பரோட்டா தின்று, எண்ணிக்கையில் தகராறு வந்ததும் முதலிலிருந்து எண்ணிக்கொள்ளலாம் என்று மறுபடியும் சாப்பிடத் தயாரான அந்த இளைஞருக்கு, பரோட்டா என்பது பெயரின் முன்னொட்டாகவே நிலைத்துவிட்டது. அதன்பின் பல ஆண்டுகள் கதாநாயகனின் தோழராக, வாய் ஓயாமல் பேசிச் சிரிக்க வைப்பதே அவருடைய தொழிலாக இருந்தது. அத்தகையவரை 2023-இல் வெற்றிமாறன் 'விடுதலை'யின் முதல் பாகத்தில் குமரேசன் என்ற கடைநிலைப் போலீஸ்காரராக நிறுத்தி, அவருடைய பெரிய ஆயுதமாகிய வாயைப் பிடுங்கிக்கொண்டார். நம் ஊரின் தென்கிழக்கே நீலமாய்ப் படுத்திருக்கும் சிறுமலையிலும் அந்தப் படத்தின் காட்சிகள் எடுக்கப்பட்டன என்பதால், இவ்வூர்க்காரர்களுக்கு அதில் ஒரு சொந்தப் பாசமும் உண்டு.

கரடி தாக்கிக் குற்றுயிராகக் கிடக்கும் ஒரு மலைவாசிப் பெண்ணை, உத்தரவுக்கு விரோதமாக ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார் குமரேசன். அதற்கு மன்னிப்புக் கேள் என்கிறார் மேலதிகாரி. கேட்டிருந்தால் விஷயம் அன்றே முடிந்துபோயிருக்கும். கேட்காததனால் தண்டனைமேல் தண்டனையாக அனுபவிக்கிறார். இந்த மறுப்பை வீரமாக நடித்துக் காட்டுவதற்கு நமது சினிமாவில் பழகிப்போன வழிகள் எத்தனையோ இருக்கின்றன: மார்பு விம்மலாம், கண் சிவக்கலாம், இசை பொங்கி எழலாம். சூரி அவற்றில் ஒன்றையும் தொடவில்லை. மேலதிகாரியின் முன் ஒரு சிப்பாய் எவ்வளவு பணிவாக நிற்க வேண்டுமோ அவ்வளவு பணிவாகவே நிற்கிறார். தாம் செய்தது எதிர்ப்பு என்பதே தமக்குத் தெரியாதவர்போல, தப்புச் செய்யாதவன் எதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற எளிய குழப்பம் ஒன்றே அவர் முகத்தில் இருக்கிறது. உடம்பு கீழ்ப்படிகிறது, மனம் கீழ்ப்படிய மறுக்கிறது. இரண்டையும் ஒரே கணத்தில் ஒரே சரீரத்தில் காட்டுவது சுபாவத்தால் வருகிற காரியம் அன்று. பதினைந்து ஆண்டுக்காலம் சிரிக்க வைப்பதற்காகப் பழக்கிய முகத்தை, அந்தப் பழக்கம் அத்தனையையும் மறக்கும்படி திரும்பப் பழக்குவது எப்பேர்ப்பட்ட சாதகம் என்பதை, ஏதேனும் ஒரு வித்தையைக் கற்று மறந்து மறுபடியும் கற்றவர்களே அறிவார்கள்.

இங்கே எனக்கு இன்னொரு போலீஸ்காரர் ஞாபகத்துக்கு வருகிறார். நமது வத்தலக்குண்டில் பிறந்த பி. எஸ். ராமையா, சேவா ஸ்டேஜ் நாடகக் குழுவுக்காக எழுதிய 'போலீஸ்காரன் மகள்' 1962-இல் ஸ்ரீதரின் டைரக்‌ஷனில் படமாக வந்தபோது, மகளுக்குத் தந்தையாகிய அந்தக் கண்டிப்பான போலீஸ்காரரின் வேஷத்தை எஸ். வி. சகஸ்ரநாமம் ஏற்றார். மேடையில் வளர்ந்த நடிகரான அவருக்குக் குரலே பிரதானம். வசனத்தின் ஏற்ற இறக்கத்திலேயே கடமையும் பாசமும் மோதிக்கொள்வதை நாம் கேட்கிறோம். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்க வேண்டும் என்று பழகிய அந்தக் கலையை இன்று சிலர் மிகை என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. சகஸ்ரநாமம் குரலால் செய்ததைச் சூரி குரலை அடக்குவதனால் செய்கிறார். ஒன்றை நடிப்பென்றும் மற்றொன்றை வாழ்க்கையென்றும் பிரித்துப் பேசுவது பார்க்கிறவனின் சோம்பலே ஒழிய வேறல்ல.

சூரியின் படங்கள் எல்லாவற்றையும் நான் இதே தட்டில் வைக்கவில்லை. 'கருடன்' படத்தின் முற்பகுதியில் விசுவாசமுள்ள சொக்கனாக அவர் மனத்தைத் தொடுகிறார். பிற்பகுதியில் வழக்கமான சண்டைக் கதாநாயகனாகிவிடுகிறார். 2025-இல் வந்த 'மாமன்' நல்ல எண்ணத்தில் பிறந்த குடும்பப் படம்தான். ஆனால் கண்ணீர் அதிகம். 'விடுதலை'யில் துளித்துளியாகச் சேர்த்த செல்வத்தை அதில் தாராளமாகச் செலவழித்துவிட்டார் என்று எனக்கு வருத்தம் உண்டு.

'கொட்டுக்காளி'யைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். பெர்லின் திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, 2024 ஆகஸ்ட் 23-ஆம் தேதி இங்கே வெளியான அந்தப் படத்தை எடுத்தவர், முன்பு 'கூழாங்கல்' எடுத்த பி. எஸ். வினோத்ராஜ். நமது சமவெளிக்கு அடுத்தாற்போல் உள்ள மதுரை ஜில்லாவின் வறண்ட ஊர்களே இரண்டுக்கும் களம். வேறு ஜாதிப் பையனிடம் மனம் வைத்துவிட்ட முறைப்பெண்ணுக்கு ஏதோ பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டிய ஒரு குடும்பம், ஆட்டோவிலும் மோட்டார் சைக்கிள்களிலுமாகக் கிளம்பி, காலைக் கட்டிய சேவலையும் எடுத்துக்கொண்டு, ஒரு சாமியாடியிடம் போகிறது. கதை அவ்வளவுதான். பின்னணி இசை என்பதே கிடையாது. வண்டிச் சத்தமும் காற்றும் பேச்சும்தான். நடிகர் தடுமாறும் இடத்தில் கைகொடுத்துத் தூக்கிவிட வயலின் வராது என்று தெரிந்துகொண்டே இதில் நடிக்க வேண்டியிருந்தது.

சூரி இதில் பாண்டி. தொண்டையில் மருந்து தடவிக்கொண்டு, அடைத்துப்போன குரலில், வார்த்தை பாதி காற்று பாதியாக அதட்டுகிறார். வழியில் எங்கோ ஒலிக்கும் சினிமாப் பாட்டைத் தன் முறைப்பெண்ணின் உதடு முணுமுணுப்பதைக் கண்டதும், அவளைமட்டுமின்றித் தடுக்க வந்த தன் வீட்டுப் பெண்களையும் வெறிகொண்டு அடிக்கிற காட்சி, பார்ப்பதற்குச் சகிக்காத காட்சி. ஆனால் அந்த வெறியில் பலம் தெரியவில்லை, பயம்தான் தெரிகிறது: தனக்கென்று உறுதி செய்யப்பட்ட ஒன்று தன்னுடையதாக ஒருபோதும் ஆகாது என்ற பயம். நாம் விரும்பத் தகாத ஒரு மனிதனை, அவன்மேல் நமக்கு இரக்கம் சுரக்கும்படி கெஞ்சாமலும், அவனை ராட்சசனாக்கித் தாம் தப்பித்துக்கொள்ளாமலும், நம் தெருவில் நிற்கும் மனிதனாகவே நிறுத்தியிருக்கிறார். ஜனங்களின் அன்பைச் சம்பாதித்து வைத்திருக்கும் ஒரு நடிகர் அந்த அன்பைப் பணயம் வைத்து இப்படிச் செய்வது அபூர்வம். அதற்காக அவருக்கு என் மனப்பூர்வமான வந்தனம்.

அவரையும் விஞ்சி நிற்பவர், மீனாவாக வரும் அன்னா பென். மலையாளத் திரையிலிருந்து வந்த இப்பெண், படம் முழுவதிலும் ஏறக்குறைய வாய் திறப்பதே இல்லை. சுற்றிலும் எல்லோரும் அவளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, அவள் ஆட்டோவின் ஓரத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பார்வையில் கெஞ்சுதல் இல்லை, மிரட்சி இல்லை. அடிபட்டும் அசையாத ஒரு தீர்மானம் இருக்கிறது. வழியை மறித்து நிற்கும் காளையிடம் ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் செயலற்று நிற்க, ஒரு சிறுமி வந்து அதைச் சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போகிறாள் அல்லவா, அந்தச் சிறுமியின் தைரியம்தான் வளர்ந்து மௌனமாக ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. இதை நடிப்பில்லை என்று எவரேனும் சொன்னால், அவர்கள் கண்ணாடியின் முன் பத்து நிமிஷம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்து, அதே சமயத்தில் மனத்தில் ஒரு முழுக் கதையையும் வைத்துக்கொண்டிருக்கப் பார்க்கட்டும்.

'மகாராஜா'வில் விஜய் சேதுபதி செய்திருப்பதும் இந்த ரகத்தைச் சேர்ந்ததே. வீட்டிலிருந்து லட்சுமி என்ற குப்பைத்தொட்டி களவுபோய்விட்டது என்று ஒரு சவரத் தொழிலாளி போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து, கேட்பவர் சிரித்தாலும் அடித்தாலும், அதே கதையை அதே முகத்தோடு திரும்பத் திரும்பச் சொல்கிறார். நம் ஊர்ப் பட்டறைகளில் கையால் செய்த பூட்டில் வெளித்தகடு அசையாதிருக்க, உள்ளே லீவர்கள் ஒவ்வொன்றாக எழும்பித் தங்கள் ஸ்தானத்தில் உட்காருமே, அதைப்போல, அசையாத அந்த முகத்துக்குப் பின்னால் அவருடைய கணக்கு ஒவ்வொன்றாக முடிந்துகொண்டே வருகிறது என்பதைப் படத்தின் கடைசிப் பகுதியில்தான் உணர்கிறோம். இரண்டாம் தடவை பார்க்கும்போது, அந்த முகம் முதலிலேயே எல்லாவற்றையும் சொல்லியிருப்பது தெரிகிறது. அந்தப் படத்தின் கொடூரமான சில விஷயங்கள் எனக்கு ஒவ்வாதவை. நடிப்பின் மேன்மையை அது குறைக்கவில்லை.

'மெய்யழக'னைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கார்த்தியைப் பாராட்டுகிறார்கள். வெள்ளை உள்ளமும் ஓயாத பேச்சுமாக அவர் படத்தை நிறைத்துவிடுகிறார், உண்மையே. ஆனால் என் அபிப்பிராயத்தில் அந்தப் படத்தைத் தாங்குபவர் அரவிந்த் சுவாமி. இரவு முழுவதும் தன்மேல் அன்பைப் பொழியும் உறவினனின் பெயர் தனக்கு நினைவில்லை என்பதை வெளியே சொல்லவும் முடியாமல், விழுங்கவும் முடியாமல், சிரிப்பதும் தலையாட்டுவதுமாக அவர் படும் அவஸ்தை, கேட்டுக்கொண்டிருப்பதும் ஒரு பெரிய நடிப்பே என்பதற்கு நிதர்சனம். ஊரை விட்டுப் பிழைக்கப் போன குடும்பங்கள் இந்தச் சமவெளியில் எத்தனையோ உண்டு. அத்தகையோர் ஒரு கல்யாண வீட்டிற்காகத் திரும்பி வரும்போது, முகம் தெரிந்து பெயர் தெரியாமல் நிற்கிற அந்த நிலை நன்றாகவே புரியும். படம் வெளியான சில தினங்களில் நீளம் கருதிப் பதினெட்டு நிமிஷ அளவுக்குக் குறைத்தார்கள். நிதானமே உயிரான ஒரு படத்தில் நிதானத்தை வெட்டியது எனக்குச் சம்மதமில்லை.

'லப்பர் பந்து'வில் கல்யாண வயதில் பெண்ணுள்ள கெத்துவாகத் தினேஷும், மைதானத்தின் மேலேயே டிராக்டரை ஓட்டிவிடும் மனைவியாகச் சுவாசிகாவும் எனக்குப் பெரிய சந்தோஷத்தைக் கொடுத்தார்கள். 'வாழை'யில் தார் சுமக்கும் சிறுவன் பொன்வேலின் கழுத்து நரம்பைப் பார்த்த பிறகு, சந்தையில் வாழைத்தார் ஏலம் போவதை முன்போல் பார்க்க முடியவில்லை. ரவிக்கை அணிந்தறியாத தாயை, சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்று ரவிக்கை அணியச் சொல்லும் டாக்டர் மகனின் கதையாகிய 'அங்கம்மா'ளில் கீதா கைலாசம், வயதான ஒரு பெண்மணி தனியாக ஒரு படத்தைத் தோளில் தூக்கிச் செல்ல முடியும் என்று நிரூபித்திருக்கிறார்.

இத்தகைய நடிப்புக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை என்ன என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பெரிய நடிகர்களின் படங்கள் வரும் வாரத்தில் இப்படிப்பட்ட படங்களுக்குப் பெரும்பாலும் காலைக் காட்சிதான் கிடைக்கிறது. திண்டுக்கல்லிலும் வேடசந்தூர் வட்டாரத்திலும் நூற்பாலையில் ஷிப்டுக்குப் போகிற பெண்களும், பூட்டுப் பட்டறையிலும் தோல் ஷாப்பிலும் வேலை செய்கிறவர்களும், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்களும் காலை பதினொரு மணிக்கு எப்படிப் படம் பார்க்க வருவார்கள்? குமரேசனும் மீனாவும் கெத்துவும் யாருடைய வாழ்க்கையிலிருந்து எடுக்கப்பட்டார்களோ, அவர்களே பார்க்க முடியாத நேரத்தில் படத்தைப் போட்டுவிட்டு, ஜனங்கள் ஆதரிக்கவில்லை என்று நான்காம் நாள் எடுத்துவிடுவது நியாயமாகாது. தியேட்டர் முதலாளிகளுக்கு நஷ்டம் வர வேண்டும் என்பது என் ஆசை அன்று. திரைகள் மூன்றும் நான்குமாக உள்ள வளாகங்களில், ஒரே ஒரு திரையில், ஒரு வாரத்துக்கு மட்டுமாவது, மாலைக் காட்சியை இப்படிப்பட்ட படத்துக்கு ஒதுக்கிக் கொடுக்கும்படி அவர்களை வேண்டிக்கொள்கிறேன். அப்படி அவர்கள் ஒதுக்கினால், வாசகர்களே, வீட்டுத் திரையில் வரட்டும் என்று காத்திராமல், அந்த வாரத்திலேயே குடும்பத்தோடு போய்ப் பாருங்கள்.